தப்பான பக்கத்தில் ஒரு குழி

கிட்டாரில் ஒயர் வைக்கிற குழி தப்பான பக்கத்தில் இருந்தது.

ரேக்கிலிருந்து எடுத்துவந்த கிட்டார் கட்டையைத் திலீப் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குமிழ்களுக்கான துளைகளும் இடம் மாறியிருந்தன. கம்ப்யூட்டரில் இவன் வரைந்தது ஒன்று, சி.என்.சி. மெஷின் செதுக்கித் தந்தது வேறொன்று. பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். நாலு மணிக்குப் பிரபாகர் சார் மார்க் போட வருகிறார். ஃபெயிலானால் கூட்டாளிகளோடு டிப்ளோமா வாங்க முடியாது. மரமோ ஆளுக்கு ஒன்றுதான்.

"நான் சரியாத்தான்டா வரைஞ்சேன்!"

பக்கத்து மேசை மார்வின் எட்டிப் பார்த்தான். எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் தயாராக இருக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம்.

"ஃபைலை மிரர் பண்ணிட்டே லா. அதான் எல்லாம் இடம் வலமா மாறிப்போச்சு. சிம்பிள்."

"இப்ப என்ன பண்றது?"

"இந்தக் குழியை அடை. அந்தப் பக்கம் புதுசா வெட்டு."

மரத்துண்டு வைத்து, பசை ஊற்றி அடைத்தான். மெஷினில் மாட்டி மறுபக்கம் வெட்டினான். அவசரத்தில் ஆழத்தைத் தப்பாகப் போட்டுத் தொலைத்தான்.

"ஐயோ! அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டை விழுந்துடுச்சுடா!"

"பதறாதே. பிளாஸ்டிக் தட்டு வச்சு மூடிடலாம். ஆனா கழுத்துப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கிற நீளக் கொம்பும் தப்பான பக்கத்துல இருக்கு பாரு."

அட, ஆமாம். திலீப் அந்தக் கொம்பை ரம்பத்தால் குறைத்தான். கொஞ்சம் கூடுதலாகவே குறைந்துவிட்டது. சமமாக இருக்கட்டும் என்று மார்வின் சொல்ல, மற்றதையும் குறைத்தான். இப்போது இரண்டு கொம்பும் போய், கிட்டார் பப்பாளிப்பழம் மாதிரி நின்றது.

ஒட்டு வேலையை மறைக்க, தோ பாயோ கடைத்தெரு வரைக்கும் ஓடிப்போய்க் கறுப்பு ஸ்பிரே வாங்கிவந்து அடித்தான். காயவில்லை. மார்வின் ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டான். தரையிலிருந்த மரத்தூள் மொத்தமும் பறந்துவந்து பெயிண்டில் ஒட்டிக்கொண்டது.

நாலு மணிக்கு வந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா இது, முடி முளைச்சிருக்கு?"

திலீப்புக்கு அழுகையே வந்துவிட்டது. "சாரி சார். ஃபைலை மாத்தி அனுப்பிட்டேன் போல. சரிபண்ணப் போயி, போயி... இப்படி ஆயிடுச்சு."

மார்வின் மும்முரமாகத் தரையைக் கூட்டினான்.

சார் பெருமூச்சு விட்டார். "ஒளிக்காம சொன்னியே, அதுக்குப் பாஸ் மார்க் தர்றேன். கெடுத்தது உன்னோடதைத்தானே, விடு."

திலீப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்போது, இரண்டு நாள் உடம்பு சரியில்லாமல் எம்.சி.யில் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்த ஷாரன், பளபளவென்று ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், எனக்கு இடது கைப் பழக்கம்னு எல்லாத்தையும் மாத்தி வெட்டி வச்சிருந்தேனே, அதைக் காணோம். ரேக்ல இது ஒண்ணுதான் இருக்கு... திலீப், இது உன்னோடதுதானே? சூப்பரா வந்திருக்கு லா!"