கை படாத ஐந்து மில்லியன்

தென்னமெரிக்கா இன்று தலைநிமிர்ந்து நிற்கிறதென்றால், ஜொகூர் தம்போயில் எங்கள் சாப்பாட்டுக்கடையின் மாடியறையும் அதற்கு ஒரு காரணம் என்பதை வரலாறு என்றாவது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிரேசிலும் பொலிவியாவும் அர்ஜென்டினாவும் வேண்டாமென்று தள்ளிய பழைய நோட்டுகளை, 'நான் இருக்கிறேன்' என்று தாங்கிக்கொண்டவர் என் கணவர் லியாக்கத் அலி. அந்த நாடுகள் இதுவரை ஒரு நன்றிக் கடிதம்கூட அனுப்பவில்லை. பெரிய மனிதர்கள் அதையெல்லாம் எதிர்பார்ப்பதும் இல்லை.

எங்கள் வீட்டின் ஒரே ஏசி அந்த அறையில்தான் இருக்கிறது. முன்பு படுக்கையறையில் இருந்தது. புழுக்கம் காகிதத்துக்கு ஆகாது என்று பேரவை தீர்மானம் போட்டதால் இடம் மாறியது. புழுக்கம் மனைவிக்கு ஆகுமா என்பது நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவில்லை.

பேரவை என்றால் 'ஜொகூர் தென்னமெரிக்கத் தாள்பணப் பேரவை'. உறுப்பினர்கள் மூவர். தலைவர் நாச்சியப்பன் முப்பது வருடம் வங்கியில் உழைத்தவர்; எந்தக் கடையிலும் செல்லாத பணத்தோடு இருப்பதே நிம்மதி என்று ஓய்வுக்குப் பின் கண்டுகொண்டார். செயலாளர் பிரேமலா பல் டாக்டர். சொத்தைப் பல்லையும் நோட்டின் மடிப்பையும் ஒரே பூதக்கண்ணாடியால் பார்ப்பவர். மற்ற எல்லாப் பதவிகளும் என் கணவருக்கு.

பேரவையின் தத்துவம் எளிமையானது. ஒரு நோட்டு எவ்வளவு குறைவாக வெளியே போனதோ, அவ்வளவு உயர்வு. யார் சட்டைப்பையிலும் ஏறாமல், ஒரு முட்டைகூட வாங்காமல், அலமாரியிலேயே கிடந்த நோட்டுக்குத்தான் 'புழங்காதது' என்ற உச்சத் தகுதி. இதைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்துக்குள் ஏதோ நெளியும். என்னவென்று அப்போது தெரியவில்லை.

போன மாதம் பெரு நாட்டின் ஐந்து மில்லியன் இன்தி நோட்டு ஒன்று வந்து சேர்ந்தது. அதில் தாடி வைத்த ஒரு பெரியவரின் படம். என் கணவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார்.

"சபீ, மூச்சு விடாத. தாடிக்காரருக்கு ஆகாது."

விடவில்லை. கல்யாணத்தன்று என் கையைப் பிடித்தபோது அவர் இவ்வளவு கவனமாக இருந்தாரா என்று யோசித்துக்கொண்டே மூச்சைப் பிடித்து நின்றேன்.

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை தேவை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு அசல் சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"மச்சான், திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ."

"திங்கக்கிழமையா? அன்னிக்குத்தான லா தலைவரு வந்து தாடிக்காரருக்குத் தரம் போடறாரு! யாரு தே தாரிக் போடறது? அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

நியாயம்தானே. நுரை பொங்க ஆற்றிய தேநீர் இல்லாமல் தரம் போட முடியுமா? கல்யாணமான புதிதில், கடை நிலைக்கட்டும் என்றார். பிறகு, மகள் வளரட்டும் என்றார். கடை நிலைத்துவிட்டது. மகள் வளர்ந்து சிங்கப்பூரில் வேலைக்கே போய்விட்டாள். இப்போது தாடிக்காரர்.

எங்கள் வீட்டில் அன்புக்கு ஒரு வடிவம் உண்டு. அது லேமினேஷன். கடையின் விலைப்பட்டியலுக்காக வாங்கிய இயந்திரத்தில் லைசென்ஸ், நிக்காஹ் சான்றிதழ், ஏசியின் வாரண்டி எல்லாம் போய் வந்திருக்கின்றன. "லேமினேட் பண்ணாத பேப்பரு அனாத லா" என்பது என் கணவரின் கொள்கை. அந்த இயந்திரம் வந்த அன்று முதலில் உள்ளே போன பெருமை என் பட்டச் சான்றிதழுக்கு. கல்யாணமாகி இரண்டே வாரம்.

"இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. இருபத்து நான்கு வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாய்க்கு இருபது காசு கூடியது. மாடியில் உட்கார்ந்து நாற்பது புதிய விலைப்பட்டியல்களை லேமினேட் செய்தேன். இயந்திரம் நல்ல சூட்டில் இருந்தது. ஓர் உறை மிச்சம். மேசையில் தாடிக்காரர் திறந்தபடி கிடந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஏசி சொட்டத் தொடங்கியிருந்தது. பாவமாக இருந்தது. உள்ளே விட்டேன்.

தெரிந்து செய்தாயா என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். மனத்தைத் தோண்டிப் பார்த்தேன். முதலில் அறியாமை கிடைத்தது. அதற்கும் கீழே தோண்டியிருக்கலாம். கீழே வாடிக்கையாளர் மீ கோரெங் கேட்டுக் கத்தினார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் பேரவை கூடியது. தலைவர் கையுறை மாட்டினார். தாடிக்காரர் பளபளவென்று வந்தார்.

"அலமாக்!" தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சூட்டுல பசை ஒட்டிருச்சு பாய்! பிரிச்சா தாளும் சேந்து வந்துரும். போச்சு. எல்லாம் போச்சு."

பேரவை எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. பிறகு என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"யா அல்லாஹ்! படிச்ச பொம்பளதான நீ? உறையில போட்டு ஒட்டிட்டா அப்பறம் அது எதுக்கு ஆகும்?"

"பத்திரமா இருக்குமேன்னுதான் மச்சான்."

"இதுக்குப் பேரு பத்திரமா? உயிரோட பொதைக்கிறது இது!"

இருபத்து நான்கு வருடத்தில் அவர் சொன்னதில் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்தது வேறு எதுவும் இல்லை. நெளிந்துகொண்டிருந்தது என்னவென்றும் புரிந்தது. போய் அலமாரியிலிருந்து என் சான்றிதழை எடுத்து வந்து தாடிக்காரர் பக்கத்தில் வைத்தேன்.

பிரேமலா பழக்கதோஷத்தில் அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டார்.

"மடிப்பு இல்ல. கற இல்ல. ஒரு வெரல் ரேககூட இல்ல. அக்கா, இது ஒரு எடத்துக்கும் போனதே இல்லயா?"

"இல்ல."

"அப்ப, 'புழங்காதது'," என்று குறிப்பேட்டில் எழுதினார்.

"அருமையான சரக்கு தங்கச்சி," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "இதையும் ஒட்டித் தொலைச்சிருக்கே! எந்த மடையன் பண்ணது?"

என் கணவர் ஏசியை அண்ணாந்து பார்த்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சான்றிதழைக் கைப்பையில் வைத்தேன். லேமினேட் ஆனதால் மடங்கவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"எங்க புள்ள கெளம்பிட்ட? தே தாரிக் யாரு போடறது?"

"இயந்திரம் இங்கதான இருக்கு மச்சான். தே தாரிக்கையும் லேமினேட் பண்ணிக்குங்க."

மணி இரண்டே முக்கால். படியிறங்கும்போது கணவரைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பெரு நாட்டின் ஐந்து மில்லியனைச் செல்லாததாக்க ஓர் அரசாங்கமே தேவைப்பட்டது. என் சான்றிதழுக்கு அவர் ஒருவரே போதுமாக இருந்தார்.