பாய்மரம் அண்ணையின் படகு

கனடாவின் மொன்றியலில் வாழும் தமிழர்களில் தண்ணீருக்குக் கொஞ்சமும் பயப்படாத மனிதர் ஒருவர்தான். அவருக்கு நீந்தத் தெரியாது. எங்களுக்கு அவர் பாய்மரம் அண்ணை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்; யாரும் விசாரித்ததில்லை.

டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அவர் வயதுக்காரர்கள் புறநகரான லொங்குய்யில் வீடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஏரிக்கரையில் கிடந்த பழைய மரப் பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஏறினேன். என் வலது கால் மேல்தட்டைத் துளைத்துக்கொண்டு முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. அண்ணை பதறவில்லை.

"நல்லது. இந்த இடம் உக்கிப் போச்செண்டு இப்ப தெரிஞ்சிட்டுது."

அதன்பிறகு அவரைப் பார்க்கப் போன எவரும் சும்மா திரும்பியதில்லை. கல்யாணத்துக்குச் சொல்லப் போனவர்கள் பொழுதுபடும்வரை சாண்ட்பேப்பர் தேய்த்தார்கள். படகை ஆசீர்வதிக்க வந்த பங்குச் சுவாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிப்பக்கத்துப் பழைய பெயின்டைச் சுரண்டியதை நானே கண்டேன்.

பனிக்காலத்தில் வேலை வீட்டுக்குள் வந்தது. சுக்கானின் கைப்பிடிக்கு வார்னிஷ் பூசி, கெதியாகக் காயட்டும் என்று அடுப்போடு சேர்ந்த போறணைக்குள் சூட்டில் வைத்துவிட்டார். புகை கிளம்பி அபாயமணி அடிக்க, கட்டடமே வெளியே பனியில் நின்றது. என்ன சமைத்தீர்கள் என்று தீயணைப்புக்காரர் பிரெஞ்சில் கேட்க, மீன் என்று கூசாமல் சொன்னாராம்.

வசந்தத்தில் படகைக் கிரேனால் ஏரியில் இறக்கினார்கள். ஏரி உடனே படகுக்குள் ஏறிக்கொண்டது. அடியிலிருந்த ஒரு குழாயின் வாயை அண்ணை மூட மறந்திருந்தார். உணவகத்துச் சோற்றுப் பானையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். படகு திரும்பவும் கரையேறியது. இனி இது விறகுக்கும் ஆகாது என்றார் படகுத்துறைப் பொறுப்பாளர். நானும், விட்டுவிடுங்கோ அண்ணை என்றேன்.

அண்ணை ஈரக் காற்சட்டையைப் பிழிந்தார். பிறகு தன் மனைவி மலர் அக்காவைப் பற்றிச் சொன்னார். ஊரில் யுத்தத்துக்குள்ளிருந்து வள்ளமேறிக் கடலேரியைக் கடந்து வந்தவர் அக்கா. இனி எந்தப் படகிலும் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தவர்.

"அவ வெடிக்குப் பயந்து வள்ளத்தில குப்புறப் படுத்துக்கொண்டு வந்தவ. தண்ணியப் பாக்கவே இல்லை. ஒருக்கா நிமிர்ந்திருந்து பாக்க வேணும்."

நான் சாண்ட்பேப்பரை எடுத்தேன்.

அடுத்த கோடையில், தேவாலயத்தில் பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணை எப்படிக் கெஞ்சினாரோ, அக்கா படகுத்துறைக்கு வந்துவிட்டார். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஓட்டையெல்லாம் அடைத்தாயிற்றா என்று கேட்டார்.

"தெரிஞ்ச ஓட்டை எல்லாம் அடைச்சாச்சு," என்றார் அண்ணை.

அக்கா ஏறினார். என் கையை இறுகப் பிடித்திருந்தார். படகு ஒழுகவில்லை. ஆனால் நடு ஏரியில் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. அண்ணை விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இத்தனை நாள் பாடுபட்டும் படகை ஓட்டிக் காட்ட முடியவில்லையே என்று தவித்தார். அக்காவோ மெல்ல என் கையை விட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். குனிந்து தண்ணீருக்குள் விரல்களை விட்டு அளைந்தார்.

"காத்து இப்ப வந்திடும்," என்றார் அண்ணை, மன்னிப்புக் கேட்பவரைப்போல.

"வரேக்க வரட்டும்," என்றார் அக்கா.

நானோ, காற்று இன்னும் கொஞ்சம் பிந்தி வரட்டும் என்று மட்டும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.