லோனப்பனின் முழங்கால்

'ஒண்ணுமில்லை' என்று சொல்லியே காலத்தை ஓட்டும் ஓர் இனம் உண்டு. அடிபட்டால் இவர்கள் முதலில் உடம்பைப் பார்க்கமாட்டார்கள். யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் பார்ப்பார்கள். கேரளத்தில் எங்கள் ஊரான இரிஞ்ஞாலக்குடாவில் இந்த இனத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் நானும் நிற்பேன். லோனப்பனிடம் டெபாசிட் இழப்பேன்.

லோனப்பன் பேக்கரிக்காரர். சந்தை முக்கில் அவருடைய ஸ்கூட்டரைத் தனியார் பஸ் ஒன்று இடித்துத் தள்ளியது. முழங்கால் எந்தப் பக்கம் மடங்கக்கூடாதோ அந்தப் பக்கம் மடங்கிக் கிடக்க, மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வேட்டியை இழுத்து அதை மூடினார், கூடிய கூட்டத்தைக் கலைந்துபோகச் சொன்னார், நடுங்கிக்கொண்டிருந்த டிரைவருக்குத் தைரியம் சொன்னார், இதோ நடந்து காட்டுகிறேன் என்று காலை ஊன்றினார். பிறகு மயங்கினார்.

எட்டு மாதம் கழிந்தும் அடுப்பு முன்னால் கால்மணி நேரம் நிற்க முடியவில்லை. மனைவி ரோசிலிதான் ரொட்டி சுட்டாள். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவைத்ததும் அவள்தான். அவர்களுடைய வக்கீல் ராதாமணி லோனப்பனிடம் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டார்: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், போதும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

லோனப்பன் கூண்டேறினார். நாற்காலி போட்டார்கள், வேண்டாமென்றார். எதிர்த்தரப்பில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர். விசாரணையைக் குசலத்தில் ஆரம்பித்தார்.

"இவ்வளவு நேரமா நிக்கறீங்களே சேட்டா, கால் வலிக்கலையா?"

"இதெல்லாம் ஒரு வலியா?"

"சர்ச் பெருநாள் ஊர்வலத்துல அந்தக் கனமான முத்துக்குடையைப் பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி நடக்கிறதுக்கு உங்களை விட்டா ஆளில்லையாமே. வர்ற வருஷம் எப்படி?"

"நான் பிடிக்காம வேற யாரு பிடிப்பா?"

ராதாமணி கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். லோனப்பனுக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எட்டு மாதத்தில் யாரும் அவரிடம் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை.

அடுத்து ரோசிலியைக் கூப்பிட்டார்கள். அவள் நீதிபதியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"சாரே, இவர் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாத்ரூமுக்கே போறார். வீட்டுக்கு யாராவது வந்துட்டா மட்டும் கையை எடுத்துடுவார். போன மாசம் அப்படி எடுத்துத்தான் விழுந்தார். தரையை ஒழுங்காத் துடைக்கலைன்னு வந்தவங்க முன்னால என்னைத் திட்டினார்."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் லோனப்பன் சமாளித்திருப்பார். தன்னுடைய எட்டு மாத வீரமும் அந்தத் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நீதிபதி அவர் பக்கம் திரும்பி, வலிக்கிறதா என்று கேட்டார். பழக்கப்பட்ட வாய் தானாகத் திறந்தது. ரோசிலி அவரைப் பார்த்தாள்.

"வலிக்குது சாரே. கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"

கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. முத்துக்குடைப் பேச்சு இல்லாதிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்பது ராதாமணியின் கட்சி. ரோசிலி அந்தப் பணத்தில் அடுப்புக்கு ஓர் ஆள் வைத்தாள். கணவருக்கு ஒரு கைத்தடி வாங்கினாள். அவரும் மறுக்காமல் அதை ஊன்றித்தான் நடக்கிறார். யாராவது கேட்டால், தெருவில் நாய்த் தொல்லை அதிகம் என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், மூன்று நாளாகப் பல்வலியில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, அது வீட்டில் யாருக்கும் தெரியாதபடி. என்னை விடுங்கள். இன்று காலை, "ஏன் ஒரு மாதிரியா இருக்கே?" என்று உங்களை யாரோ கேட்டார்களே, என்ன பதில் சொன்னீர்கள்?