நாத மோதிரம்

வடசென்னை டோல்கேட்டில் பஸ் நின்றதும் கண்டக்டர்கள் "ரேடியோ சாமியெல்லாம் எறங்கு" என்று கூவிய வருஷம் அது, எழுபத்துமூன்று. இறங்குகிறவர்களில் பாதிப்பேர் இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோல ரேடியோவைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிற ஊரில் ரேடியோ மட்டும் என்ன பாவம் செய்தது?

சாமியின் பெயர் நாதப்பிரம்மர். ஒரு ரேடியோக் கடையின் பின்கட்டில் மான்தோல் விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் கொடுப்பது பித்தளை வளையம் ஒன்று. பெயர் நாத மோதிரம். எண்ணூரில் கரியை எரித்துச் செய்கிற கரண்டு கறுப்பாகத்தானே இருக்கும் என்று கேட்பார். கூட்டம் ஆமாம் என்று தலையாட்டும். அந்தக் கறுப்பெல்லாம் வயரில் மாட்டிய மோதிரத்தில் வடிந்துவிடும், வெள்ளைக் கரண்டு மட்டும் உள்ளே போகும், பாடுகிறவர் உங்கள் வீட்டுக்கே வந்து பாய் போட்டு உட்கார்ந்து பாடுவார் என்பார். பாடகருக்குக் காப்பி கொடுக்க வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

ராயபுரம் இன்னாசி மோதிரம் வாங்கினான். துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். பகலெல்லாம் இரும்பின் இரைச்சல். சாயங்காலம் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவனுக்கு உயிர் வரும். மோதிரம் மாட்டிய அன்றே வீணைத் தந்தியில் விரல் உரசுவது கேட்டதாகச் சொன்னான். பிறகு வயருக்குச் சிவப்புப் பட்டு உறை வந்தது. ரேடியோவின் காலடிக்குச் சந்தனக்கட்டை வந்தது. பக்கத்து வீட்டு ஷம்ஷாத்தைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். அவள் டீயைக் குடித்துவிட்டுச் சோக்கா கீது என்றாள். டீயைச் சொன்னாளா, பாட்டைச் சொன்னாளா என்று அவன் விசாரிக்கவில்லை.

அவன் மனைவி பிலோமிக்கு மட்டும் எந்த மாற்றமும் கேட்கவில்லை. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். இதைப் போய்ச் சாமியிடம் முறையிட்டான் இன்னாசி. சாமி கண்ணை மூடி, "உன் வூட்ல ஒரு இரும்புச் சக்கரம் சுத்திகினு கீது" என்றார். இன்னாசிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரிசையில் நின்றபோது சாமியின் சீடன் தண்டபாணியிடம் தையல் மிஷினைப் பற்றித் தானே வாய் வலிக்கப் பேசியது அவனுக்கு மறந்தே போயிருந்தது. மிஷின் வெளியேறாமல் நாதம் தங்காது என்றார் சாமி. பிறர் தலையில் அந்தத் தோஷத்தைக் கட்ட மனமில்லாமல், தாமே அதை வாங்கி மடத்தில் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். எவ்வளவு பெரிய மனசு!

"மிஷினு கீற வரைக்கும் நாதம் தங்காதாம், பிலோமி."

"மிஷினு போனா சோறு தங்குமா?" என்றாள் அவள்.

இரண்டு நாள் அவள் மிஷினை விடாமல் மிதித்தாள். மூன்றாம் நாள் அவளே மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றச் சொன்னாள். கொடுப்பதற்கு முன்னால் அந்த அதிசயத்தைத் தன் காதால் ஒரு தரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். துணைக்கு ஷம்ஷாத்தும் வந்தாள். இன்னாசி வழியெல்லாம் சீட்டியடித்தான்.

பின்கட்டில் ரிக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. முதலில் மோதிரமில்லாமல் பாட்டு. அப்புறம் தண்டபாணி பெட்டியை விழுந்து கும்பிட்டு வயரில் மோதிரத்தை மாட்டினான். அதே பாட்டு மறுபடி. கூட்டம் கிறங்கியது. உண்மையைச் சொன்னால் பிலோமிக்கே தூக்கிவாரிப் போட்டது. பாட்டு நிஜமாகவே பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கணம் மிஷின் போய்விட்டது என்றே நினைத்தாள்.

இன்னொரு தரம் போடச் சொன்னாள். சாமி மகிழ்ந்தார். தண்டபாணி மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியைத் துடைத்து வைத்தான், பாட்டு பழையபடி மெலிந்து ஓடியது. அவள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோலக் குனிந்து, துணியில் கோடு போடும் சாக்கட்டியால், சத்தத்தைக் கூட்டுகிற குமிழிலிருந்து பலகைவரை ஒரே கோடாக இழுத்தாள். தண்டபாணி விழுந்து கும்பிட்டான். மோதிரம் ஏறியது. பாட்டு பொங்கியது. கோடு இரண்டாக உடைந்து, பலகையில் பாதி, குமிழில் பாதியாக நின்றது.

"கரண்டு சுத்தமாவுதுன்னீங்க, சாமி. குமிழுல்ல சுத்துது?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. தண்டபாணி கை தவறிப் பட்டிருக்கும் என்றான். ஆனால் கோபம் வந்தது இன்னாசிக்கு, அதுவும் பெண்டாட்டிமேல். குமிழ் கிடக்கட்டும், மோதிரம் இருக்கிறதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன் என்றான். சொல்லிவிட்டால் மிஷின் சாமிக்கே என்றாள் பிலோமி.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். குமிழை யாரும் தொடவில்லை. மோதிரத்தை மாட்டுவதும் எடுப்பதும் ஷம்ஷாத்தின் பொறுப்பு. பாட்டு ஓடியது.

"இப்ப கீது. தபேலா தனியா விழுதுபாரு," என்று உருகினான் இன்னாசி.

திரும்பிப் பார்த்தான். மோதிரம் ஷம்ஷாத்தின் சுண்டுவிரலில் இருந்தது. மறுமுறை, கலீஜாக் கேக்குது, எடுத்துட்டீங்க என்றான். அது வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் காதுகள் சூடேறின. நம்பாத பெண் நிற்கிற இடத்தில் நாதம் கதவை மூடிக்கொள்ளும் என்று சாமி விளக்கினார். கூட்டத்திலிருந்த வேலப்பன், ரயில்வே கலாசி, எழுந்தான். அந்தம்மாவை வெளியே அனுப்பிவிடுகிறோம், சாமியே சுவரைப் பார்த்து உட்காரட்டும் என்றான்.

"இன்னிலேந்து நமக்கு மௌன விரதம்," என்றார் சாமி.

மௌன விரதத்தை வாயால் அறிவித்த முதல் சாமி அவராகத்தான் இருக்கும். முதலில் சிரித்தது இன்னாசி. தன்னை நினைத்துத்தான் சிரித்தான். அடக்க முடியாமல் பிலோமியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது கடை முழுக்கப் பரவியது. சிரிப்பு அடங்கியபோது சாமியும் இல்லை, சீடனும் இல்லை, பின்வாசல் மட்டும் திறந்து கிடந்தது. இன்னாசி மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்ற விடவில்லை. தானே தலையில் தூக்கிக்கொண்டு ராயபுரம்வரை நடந்தான்.

கடைக்கு வெளியே வரிசையில் ஒருவர் மட்டும் ரேடியோவோடு நின்றுகொண்டிருந்தார். விரதம் என்றைக்கு முடியும் என்று விசாரித்தார்.

காது கொடுத்துக் கேளுங்கள் என்று எல்லாச் சாமியும் சொல்லும். கொடுங்கள், தப்பில்லை. கூடவே மூளையையும் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்கு வராதீர்கள்.