அந்தோனிமுத்தரின் மூளை வைத்த கைநாட்டு

ஓலைத்தொடுவாய்க் கரையில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் குந்தியிருந்த ஆண்டில், மேலிடத்துக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. இந்தியாவில் இருந்தும் புத்தளத்தில் இருந்தும் போரில் இடம்பெயர்ந்த இந்தச் சனங்கள் திரும்பி வந்தது தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தானா?

குடும்பத்துக்கு ஒருவர் நிரப்பிக் கொடுத்த வீட்டு விண்ணப்பத்தின் ஐந்தாம் பந்தியில் அந்தக் கேள்வி இருந்தது. நாற்பத்து மூன்று பேரும் "ஓம்" என்றுதான் எழுதியிருந்தார்கள். சந்தேகத்துக்குக் காரணமே அதுதான். இத்தனை பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாக இருக்காது என்பது அரசாங்கக் கந்தோர்களின் நெடுநாள் அனுபவம்.

ஆகவே மீள்வருகைச் சுயவிருப்ப உறுதிப்படுத்தல் அலகு என்று ஒரு கந்தோர் உண்டாயிற்று. அதற்கு ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு ஜீப், உதவிப் பணிப்பாளர் அமல்ராஜ் ஆகியன வழங்கப்பட்டன. எங்கேயோ ஒரு வெள்ளைக்கார நாடு ஒரு மெசினையும் அன்பளிப்பாக அனுப்பி வைத்தது. வயர் பூட்டின தொப்பி ஒன்று, மூளை முடிவெடுத்தால் எரிகிற சிவப்புப் பல்ப் ஒன்று, அமத்துகிற பொத்தான் ஒன்று. விருப்பம் உறுதிப்பட்டால் கூரைத்தகரம். உறுதிப்படாவிட்டால் கோப்பு.

முதல் ஆளாக அந்தோனிமுத்தரைக் கூப்பிட்டார்கள். மனிசன் அறுபது வயதுக் கடல்தொழிலாளி. தீவு மணல் சுவருக்கு ஆகாது என்று பெருநிலத்தில் இருந்து மண் ஏற்றி வந்து, தானும் மனைவி மேரி ரோசும் குழைத்துக் குழைத்து நாலு சுவரும் எழுப்பி முடித்திருந்தார். தகரம் மட்டும்தான் பாக்கி. ஐப்பசி பிறந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் மாரி இறங்கினால் சுவர் நாலும் கரைந்து திரும்ப மண்ணாகிவிடும். அந்தப் பதைப்போடுதான் அவர் தொப்பிக்குள் தலையைக் கொடுத்தார்.

"ஐயா, உங்களுக்கு எப்ப விருப்பமோ அப்ப 'இப்ப' எண்டு சொல்லிப்போட்டு பொத்தானை அமத்துங்கோ," என்றார் அமல்ராஜ்.

"ஓம் சேர்."

கால் மணித்தியாலம் போனது. அந்தோனிமுத்தர் பொத்தானில் விரலை வைத்தபடி அமல்ராஜின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஐயா அமத்தேல்லை?"

"நீங்கள் இன்னும் சொல்லேல்லையே சேர்."

"நான் சொல்லக் கூடாது. உங்கட விருப்பத்துக்கு அமத்தோணும்."

"அது விளங்குது சேர். எத்தினை மணிக்கு?"

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபது வருசம் தமிழ்நாட்டு முகாமில் பேர் கூப்பிட்டால் எழும்பி, கை காட்டினால் இருந்து, கடுதாசி நீட்டினால் பெருவிரலை நீட்டிப் பழகினவர். ஒரு அதிகாரி எதிரில் இருக்க, அவர் சொல்லாமல் தானாக ஒரு காரியம் செய்வது மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டது.

"சரி, அமத்துங்கோ!" என்று அமல்ராஜ் சலித்துப்போய்ச் சொல்ல, படக்கென்று அமத்தினார்.

"இது செல்லாது. இது என்ர விருப்பம்," என்றார் அமல்ராஜ்.

வெளியே வாசலில் கந்தோர் ஜீப்பை மறித்துக்கொண்டு இரண்டு கழுதைகள் நின்றன. சாரதி கோன் அடித்தும் அசையவில்லை. கதவடியில் நின்ற மேரி ரோஸ் உள்ளே எட்டிப் பார்த்து, "சேர், அந்தத் தொப்பியை உதுகளுக்குப் போட்டுப் பாருங்கோ. சுயவிருப்பம் வழியுது," என்றாள்.

கடைசியில் பசி வந்து, வீட்டுக்குப் போனால் போதும் என்ற நினைப்பில் அந்தோனிமுத்தர் "இப்ப!" என்று சொல்லி அமத்தினார். ஆனால் அவர் வாய் திறக்க அரைச் செக்கன் முந்தியே பல்ப் எரிந்துவிட்டது.

அமல்ராஜ் பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, ஒரு பாரதூரமான விசயம். நீங்கள் முடிவெடுக்க முதலே உங்கட மூளை முடிவெடுத்திட்டுது. உங்களுக்குப் பிறகுதான் அறிவிச்சிருக்கு."

"வீட்டிலயும் அப்பிடித்தான் சேர்," என்றார் அந்தோனிமுத்தர், மேரி ரோஸ் பக்கம் திரும்பாமல். "முடிவு முதலே எடுத்துப்போடுவினம். எனக்குப் பிறகுதான் சொல்லுறது."

"அப்ப இந்தியாவில இருந்து வந்ததும் உங்கட விருப்பமில்லை. மூளை உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கு."

"நானும் அதுவும் ஒரே கப்பலிலதான் சேர் வந்தனாங்கள்."

"அது பயணம். நான் கேக்கிறது விருப்பம்."

"முப்பத்தைஞ்சு வருசமா இந்த மனிசனோட குடும்பம் நடத்துறன். உந்தத் தலைக்குள்ள மூளை கிடக்கெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்," என்றாள் மேரி ரோஸ். "அது கூட்டிக்கொண்டு வந்ததெண்டால் அதுக்கே தகரத்தைக் குடுங்கோவன்!"

அவள் கோபத்தில் சொன்னதை அமல்ராஜ் குறித்துக்கொண்டார். சுற்றறிக்கையைப் புரட்டினார். அதிலே தடை ஒன்றும் இல்லை. விரும்பித் திரும்பினவர் மூளையே என்றால், பயனாளியும் மூளையே. அதற்கு ஒரு வதிவிடக் கடிதம் மட்டும் வேண்டும்.

கிராம சேவகர் லெட்சுமணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார். "என்ர பிரிவில அப்பிடி ஒரு ஆள் பதிவில்லையே. எங்க இருக்கிறவர்?"

"என்ர தலைக்குள்ள சேர்."

"சொந்தமாவோ, வாடகைக்கோ?"

அந்தோனிமுத்தர் யோசித்தார். "சும்மாதான் இருக்கு."

"அத்துமீறின குடியிருப்பு," என்று லெட்சுமணன் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் கைநாட்டு. மூளைக்கு விரல் இல்லை என்ற சிக்கலை அமல்ராஜ் அரை நிமிசத்தில் தீர்த்தார். "இடது பெருவிரல் உங்கட. வலது பெருவிரலை மூளைக்கு இரவல் குடுங்கோ." இடது விரலுக்கு மேலே, எனக்கென்று சொந்த விருப்பம் எதுவும் இல்லை என இத்தால் பிரகடனப்படுத்துகிறேன் என்று அச்சடித்திருந்தது. அந்தோனிமுத்தர் வானத்தைப் பார்த்தார். வடக்கே வாடைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. சுவரை நினைத்தார். இரண்டு விரலையும் ஊன்றினார்.

செய்தி கரை முழுக்கப் பரவியது. சனம் வரிசையில் நின்று சொந்த விருப்பத்தை ஒப்படைத்தது. புத்தளத்தில் இருந்து வந்த சரீபா மட்டும் மல்லுக்கட்டினாள். "அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்றேன் சேர், நானேதான் விரும்பி வந்தேன்! உம்மா வாப்பா இருந்த மண்!"

"அப்படியெண்டால் உங்கட கோப்பு கொழும்புக்குப் போகோணும். ஆறு மாதம் செல்லும்."

சரீபா வெளியே மழை மேகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த விரல் சேர்?" என்றாள்.

மேரி ரோசையும் ஒரு ஆவலில் சோதித்துப் பார்த்தார்கள். அவளுக்கு வாய் பேசி, கை அமத்தி, எழும்பி நின்று சீலையையும் உதறின பிறகுதான் பல்ப் எரிந்தது. அந்த வகைக்குப் படிவம் இல்லாதபடியால் அவளைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டார்கள்.

தகரம் வந்தது. மழைக்கு ஒரு நாள் முந்திக் கடைசி ஆணியும் இறங்கியது. அந்தோனிமுத்தர் உள்ளே படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே மழை தடதடக்கக் கேட்டார். மூளையின் பேரில் வந்த வீடுதான். ஆனாலும் ஒழுகவில்லை.

தையில் ஒரு கடிதம் வந்தது. மேற்படி கடற்கரைக் காணி உல்லாச விடுதி ஒன்றுக்குத் தேவைப்படுகிறது. வழமையாக இவ்விடயத்தில் குடியிருப்பாளரின் விருப்பம் கேட்கப்படும். தங்களுக்கு விருப்பம் எதுவும் இல்லை எனத் தாங்களே எழுத்தில் தந்துள்ளபடியால் அந்தச் சிரமம் தவிர்க்கப்படுகிறது. வெள்ளிக்கிழமை லொறி வரும். பிரதி: மேற்படியாரின் மூளை, தகவலுக்காக.

சனம் கந்தோருக்கு ஓடியது.

"எங்களுக்கு விருப்பமில்லை!" என்று கத்தினார் அந்தோனிமுத்தர்.

"அதைத்தானே ஐயா நாங்களும் எழுதியிருக்கிறம்," என்றார் அமல்ராஜ்.

அந்தோனிமுத்தர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். சுவர், கூரை, இருபது வருசம், எல்லாம் அந்த இடது பெருவிரலுக்குள் போய்விட்டது. அழுகை வரும்போல இருந்தது. அப்போது மேரி ரோஸ் முன்னுக்கு வந்தாள்.

"சேர், இந்தியாவில இருந்து வந்தது ஆர்?"

"மூளை."

"வீடு ஆருட பேரில?"

"மூளையிட."

"கடிதம்?"

"அதுக்கும் பிரதி போட்டிருக்கிறம்."

"அப்ப வெள்ளிக்கிழமை வந்து அதை ஏத்திக்கொண்டு போங்கோ. அதோட எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. இவர் வெறும் மனிசன். இவரை ஏத்த உங்கட கடிதத்தில ஒரு சொல்லும் இல்லை."

அமல்ராஜ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சுற்றறிக்கையை. பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு கொழும்புக்கு எழுதினார். கொழும்பு பதினொரு பக்கத்தில் பதில் போட்டது. வாதம் சரியே என்று முடிவு.

இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து லொறி வந்தது. கரையில் நின்றது. பின்கதவு திறந்தது. ஒருவரும் ஏறவில்லை. பின்கதவு மூடியது. சாரதி நீட்டின துண்டில் லெட்சுமணன் ஒப்பம் வைத்தார்: மூளைகள், நாற்பத்து மூன்று, நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன. அமல்ராஜ் அவற்றுக்கு வவுனியாப் பக்கம் ஒரு காணியில் இடம் ஒதுக்கி, கிணறும் வெட்டிக் கொடுத்தார். அதற்காக அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. விடுதிக்காரர் வேறு கரை பார்த்துப் போனார்.

இன்றைக்கும் பதிவேட்டின்படி ஓலைத்தொடுவாயில் அந்த நாற்பத்து மூன்று பேரும் மூளை இல்லாமல்தான் குடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று தேர்தல் வந்தது. மூன்றிலும் விடியவே வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள். முந்தி யாருக்குப் போட்டார்களோ, அவர்களுக்கேதான்.