வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்

பெருநாளுக்கு இன்னும் ஐந்தே நாள். ஓப்ராத் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. "வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம்." அவ்வளவுதான். பெருநாள் எந்தக் கிழமையோ அந்தக் கிழமையைப் போட்டு, இரவு வேலை முடிந்து ஷெவ்கோவிடம் சாவியை நீட்டும்போது ஓப்ராத் வருடா வருடம் சொல்வார். அன்று ஷெவ்கோ பள்ளிவாசலுக்குப் போவார். அவருடைய பகல் ஷிப்டையும் சேர்த்து ஓப்ராத்தே பார்த்துக்கொள்வார். ஓப்ராத் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்; ஜனவரி ஏழாம் தேதிதான் அவருடைய கிறிஸ்துமஸ். அன்று ஷெவ்கோ அவருக்காக நிற்பார். பொஸ்னியாவில் சண்டை ஓய்ந்து, அந்தப் பாதையில் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்த வருடத்திலிருந்து யாஸெனிக் ரயில்வே கேட்டில் இதுதான் வழக்கம். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

இப்போது கேட்க வேண்டி வந்ததுதான் ஷெவ்கோவுக்கு எரிச்சல். கேட்டுவிட்டால் அது வழக்கம் இல்லை, சலுகை.

"வாயைத் திறந்து கேட்டாத்தான் என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் அவர் மனைவி ஸும்ரா.

"கேக்க மாட்டேன். அவனுக்கே தெரியணும்."

ஆனாலும் இந்த வருடம் சும்மா இருக்க முடியவில்லை. மகள் வியன்னாவிலிருந்து கைக்குழந்தையோடு வருகிறாள். பேரனுக்கு முதல் பெருநாள். தாத்தா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

எனவே, கேட்காமல் கேட்பது என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சாவியை வாங்கும்போது, மகள் வருவதையும், பேரன் வருவதையும், வீட்டில் பதினோரு பேர் சாப்பிடப்போவதையும் விலாவாரியாகச் சொன்னார்.

"நல்லது," என்றார் ஓப்ராத். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த "நல்லது" ஷெவ்கோவின் தொண்டையில் மீன்முள் மாதிரி அன்று முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது. கேட் அறைச் சுவரில் இருந்த காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சிவப்பு பென்சிலால் தாள் கிழிகிற அளவுக்கு வட்டம் போட்டார். மறுநாள் காலை வந்து பார்த்தால், காலண்டர் ஆணியில் ஓப்ராத்தின் நனைந்த மழைக்கோட்டு தொங்கியது. வட்டமும் தெரியவில்லை, மாதமும் தெரியவில்லை.

"வேணும்னே மாட்டியிருக்கான்," என்று வீட்டுக்கு வந்து பொருமினார்.

ஸும்ரா நல்ல மனசோடுதான் ஒரு யோசனை சொன்னாள். பெருநாள் இனிப்பான பக்லாவாவை முன்கூட்டியே செய்து ஓப்ராத் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும். ஒரு கிலோ வெண்ணெய், அரைக் கிலோ வால்நட் போட்டு அவள் செய்த பக்லாவாவை, செவ்வாய்க்கிழமை ஷெவ்கோவே கொண்டுபோய் ஓப்ராத்தின் மனைவி ஸ்தானாவிடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்தில், ஒரு துண்டுகூட எடுக்கப்படாமல், தட்டு அப்படியே திரும்பி வந்தது. தவக்காலம் நடக்கிறது, ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் வெண்ணெய், பால் எதையும் தொடுவதில்லை, இத்தனை வருடம் பழகியவருக்கு இது மறந்துபோனதா என்று ஸ்தானா வருத்தப்பட்டதாகத் தட்டைக் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

தப்பு தன்மேல்தான் என்று ஷெவ்கோவுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இரண்டு மடங்கானது. நோன்பு திறந்ததும் ஒன்பது துண்டு பக்லாவாவைக் கோபத்திலேயே தின்று தீர்த்தார்.

புதன்கிழமை அவர் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். யாருடைய தயவும் வேண்டாம், சட்டப்படியே பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஆந்த்தோவிடம் போய், வெள்ளிக்கிழமை மாற்று ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடம் ஓப்ராத்தான் சேர்த்துப் பார்த்தார், இந்த வருடம் அவருக்கு மனசில்லை என்று காரணத்தையும் விளக்கமாக எழுதினார்.

ஆந்த்தோ கத்தோலிக்கர். தன் கிறிஸ்துமஸை டிசம்பரிலேயே முடித்துக்கொண்டு, இவர்கள் இருவரின் ஏற்பாட்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரியே காலம் தள்ளியவர். கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரே ஆள் இருபத்தி நாலு மணி நேரம் கேட்டைப் பாக்கிறது விதிப்படி குத்தம், ஷெவ்கோ. எனக்குத் தெரியாத வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்ப நீங்களே எழுத்துல கொடுத்துட்டீங்களே."

மாற்று ஆள் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மெமோ கிடைத்தது. இருபத்தெட்டு வருட விதிமீறலுக்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். இனிமேல் ஒருவர் ஷிப்டை மற்றவர் பார்க்கவே கூடாது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷெவ்கோ வந்தபோது, ஓப்ராத் கேட்டை மூடிவிட்டு மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சரக்கு ரயில் ஒன்று தடதடத்துப் போனது. ரயில் போன பிறகும் கேட்டைத் தூக்க இருவருக்குமே தோன்றவில்லை.

"என்மேல புகார் எழுதிக் குடுத்திருக்கே," என்றார் ஓப்ராத்.

அவ்வளவுதான். ஐந்து நாளாக அடைத்துக்கொண்டிருந்தது ஷெவ்கோவுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. சண்டை ஓய்ந்த வருடம் ஊரே ஒருவரை ஒருவர் முகம் பார்க்கப் பயந்தபோது இந்த அறையில் ஒரே கெட்டிலில் காபி போட்டுக் குடித்ததைச் சொன்னார். பேரனைச் சொன்னார், மழைக்கோட்டைச் சொன்னார், தட்டைச் சொன்னார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர், இந்தப் பக்கம் பள்ளிக்கூட பஸ்ஸும் ஊருக்கு ரொட்டி கொண்டுவரும் யாத்ரங்காவின் வேனும் வந்து நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அடித்தால் பேச்சு காதில் விழாதே.

"எத்தனை கிறிஸ்துமஸ் வந்திருக்கு? ஒரு தடவையாவது நீ வாயைத் திறந்து என்னைக் கேக்கிற மாதிரி வெச்சிருக்கேனாடா நான்?"

ஓப்ராத் மெமோவை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"சொல்லு. இத்தனை பேர் நிக்கிறாங்க, சொல்லு. வழக்கத்தைக் கெடுத்தது யாரு?"

ஓப்ராத் கேட்டைத் தூக்கும் சக்கரத்தைச் சுற்றப் போனார். ரொட்டி வேனின் கண்ணாடி இறங்கியது. யாத்ரங்கா தலையை வெளியே நீட்டினாள்.

"ஷெவ்கோ அண்ணே, ஜனவரியில நீங்க பேரன் பொறந்திருக்கான்னு வியன்னா போயிருந்தீங்கல்ல, அப்ப உங்க பகல் ஷிப்டையும் இவருதான் பாத்தாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில இவரு கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கிட்டு இந்த கேட்டுலதான் நின்னாரு. சர்ச்சுக்குப் போகலியான்னு கேட்டேன். 'ஷெவ்கோ வந்துக்கிட்டே இருக்கான், வந்ததும் போயிடுவேன்'னாரு. சாயங்காலம் நான் திரும்பி வரும்போதும் அதையேதான் சொன்னாரு."