பாதி வேகத்தில் எறியவும்

மேலே எறியப்படும் பொருள்கள் கீழே விழக்கூடும் என்ற விவரம் ஒரு நாள் அந்த அலுவலகத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. வந்தபின் சும்மா இருப்பார்களா? எறிபொருள் கண்காணிப்பாளர் என்று ஒருவரை நியமித்தார்கள். அவருக்கு மேஜை வந்தது, மின்விசிறி வந்தது, முத்திரைகூட வந்தது. எறிகிற ஆள்தான் வரவில்லை. மனம் வெறுத்து ஜன்னலைத் திறந்தார். எதிரே அவர்கள் அலுவலகத்துக்கே புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சித்தாள் செங்கல் எறிந்துகொண்டிருந்தாள்.

மேலே சாரத்தில் நின்று பிடித்தவர் அவள் வீட்டுக்காரர், கொத்தனார். பதினோரு வருஷப் பழக்கம். அவள் குனிந்து வீசும் செங்கல் பன்னிரண்டு அடி ஏறும். ஏற ஏற வேகம் குறைந்து, அவர் கையருகே போனதும் ஒரு கணம் அப்படியே நிற்கும். அவர் பூப்பறிப்பதுபோல எடுத்துக்கொள்வார். கூடினால் மூக்கு பெயரும், குறைந்தால் அவள் தலைக்கே திரும்பும். இருவரும் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் அவள் கை அளவு தப்பியதில்லை.

கண்காணிப்பாளர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, அந்தச் செங்கல் மேல போய் என்ன பண்ணுது?"

"கொஞ்சம் நிக்கும் சார். இவரு பிடிச்சுக்குவாரு."

"எது மேல நிக்கும்?"

"எது மேலயும் இல்ல. சும்மா நிக்கும்."

"அலுவலக வளாகத்துல, அந்தரத்துல, ஆதாரமில்லாம நிக்குது" என்று முணுமுணுத்தபடி அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. பொதுநலன் கருதி இனி எப்பொருளும் இதுகாறும் எறிந்த வேகத்தில் சரிபாதி வேகத்தில் மட்டுமே எறியப்படல் வேண்டும்; தவறினால் சம்பந்தப்பட்டோர் பணியிலிருந்து விலக்கப்படுவர். இரண்டு பேர் வேலையும் ஒரே செங்கலில் தொங்கியது.

"பாதி வேகம்னா பாதி உயரம் ஏறும். சாரத்தை இறக்கிக் கட்டிக்கிறேன்" என்றார் கொத்தனார்.

"பாதி ஏறாது, கால்வாசிதான் ஏறும். என் கைக்குத் தெரியும்."

கண்காணிப்பாளர் முன்னிலையில் எறிந்து காட்டினாள். செங்கல் மூன்றடி ஏறி, சலித்துத் திரும்பியது. டேப் வைத்து அளந்தார்கள். குனிந்த கை இரண்டடி, ஏறியது மூன்றடி; ஆகத் தரையிலிருந்து ஐந்தடி.

"ஏணியில சுமந்துட்டுப் போறேன் சார்" என்றாள்.

"ஏணி வேற பிரிவும்மா." அவர் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "உத்தரவுல பிழையில்ல. உயரத்துலதான் பிழை. அஞ்சடியில மேல்தளத்தைப் போட்டுடுங்க."

"அப்புறம் கீழ உக்காந்திருக்கறவங்க எப்படி சார் எந்திரிப்பாங்க?"

"உக்காந்திருக்கறவங்க எதுக்கும்மா எந்திரிக்கணும்?"

தளம் ஐந்தடியில் விழுந்தது.

திறப்பு விழாவுக்கு வந்த மேலதிகாரி உள்ளே நுழைந்து பார்த்தார். ஊழியர்களும் பொதுமக்களும் இடுப்பை வளைத்தபடி நின்றார்கள். இத்தனை பணிவை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. அவரும் குனிந்துதான் நின்றார் என்பதால் பதிலுக்கு வணங்குகிறார் என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள். கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அலுவலகத்துக்குப் போய்வந்தவர்கள் அந்தப் பணிவைப் பற்றி வீட்டில் சொன்னார்கள். முதலில் ஒரு டாக்டர் தம் ஆஸ்பத்திரிக் கூரையை இறக்கினார். பிறகு நகைக்கடை இறக்கியது. அப்புறம் வசதியானவர்கள் வீடெல்லாம் ஐந்தடியானது. பத்தடி வீட்டுக்காரர்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை வந்தது. எறிய வேண்டியதே இல்லை. கையில் எடுத்துக் கொடுத்தால் போதும். "என் கை மறந்துடும் போலிருக்கு" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கொத்தனார் மெல்ல ஆரம்பித்தார்.

"நம்ம பத்தடிக் கூரையையும் கொஞ்சம் இறக்கிடலாமா? வர்றவங்க ஒரு மாதிரியா பாக்கறாங்க."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஆளுக்குத்தான் கிறுக்குன்னா, ஊரே கிறுக்காகணுமா?" என்று அவள் பொரிந்து தள்ளினாள். இன்னும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்கவேண்டும் என்று அவர் முகத்தைத் தேடியபோதுதான் இவ்வளவு நேரமும் அவர் காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவரும் அவள் காலைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஐந்தடி இடம் காலியாகக் கிடந்தது.